பென்சிலால் எழுதிய நாட்கணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் பெரும்புகழோடு வாழ்ந்த ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் சின்னரிக்கு இருவகைக் கணக்குகள் இருந்தன. ஒன்று, அவர் பிறருக்குத் தரவேண்டிய கடன் கணக்கு. அது ஆண்டுதோறும் பெருகி, இறுதியில் அவரை இந்தியாவை விட்டே விரட்டியது. மற்றொன்று, பென்சிலும் தாளுமாக வெளியே சென்று, கண்ணிற்பட்ட குடிசை, மாடு, படகு, குளக்கரை, பாழடைந்த சமாதி ஆகியவற்றைத் தமக்காகவே கோடுகளில் பதிந்துவந்த கணக்கு. முதற்கணக்கை அவர் ஒழுங்காகப் பேணவில்லை. இரண்டாவதை முதுமை வரையிலும் பேணினார்.

நாள்வழிக் குறிப்பும் ஐந்தொகையும் வேறுவேறு என்பதை நம் வங்கியின் வாடிக்கையாளர்கள் நன்கு அறிவர். ஐந்தொகை, பிறர் பார்வைக்கென்று ஒழுங்குபடுத்தி வைக்கப்படுவது. நாள்வழிக் குறிப்போ நடந்ததை நடந்த வரிசையில், அவசரத்தின் கையெழுத்தோடு காட்டுவது. ஓவியக் கலையிலும் இவ்வேறுபாடு உண்டு. பொன்முலாம் பூசிய சட்டத்திற்குள் மண்டபச் சுவரில் தொங்கும் எண்ணெய் வண்ண ஓவியம் ஐந்தொகையை ஒத்தது. வெட்டவெளியில் நின்றுகொண்டே வரைந்த பென்சில் வரைவு நாள்வழிக் குறிப்பை ஒத்தது. அருங்காட்சியகத்தில் நாம் முன்னதன் எதிரே நின்று வியக்கிறோம். பின்னதை அரைப் பார்வையோடு கடந்துவிடுகிறோம். சாம்பல் நிறத்தில், சிறிய தாளில், பாதியில் விட்டதுபோலத் தோன்றும் அதனை எவ்வாறு பார்ப்பது என்று நமக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. சின்னரியின் வங்காள நிலக்காட்சி வரைவுகளைத் துணைகொண்டு அதனை இங்குச் சற்று முயன்று பார்ப்போம்.

முதலில் மனிதரைப் பற்றிச் சில சொற்கள். 1774இல் இலண்டனில் பிறந்த சின்னரி, அங்குள்ள அரச கலைக்கழகத்தின் பள்ளியில் பயின்று, டப்ளின் நகரில் சில ஆண்டுகள் தொழில் நடத்தினார். மனைவியையும் இரு குழந்தைகளையும் விட்டுவிட்டு 1802ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அன்று சென்னையில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் தள்ளியே நங்கூரமிட, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் ஏறி அலைகளைக் கடந்துதான் பயணிகள் கரை சேர்ந்தனர். சென்னையில் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் தங்கிய சின்னரி, ஆங்கிலேய அதிகாரிகளின் உருவப்படங்களை வரைந்து பொருளீட்டினார். ஹைதராபாத்தில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக்குக்கும் கைருன்னிசா பேகத்துக்கும் பிறந்த இரு குழந்தைகளை, அவர்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறும் முன், 1805இல் அவர் சென்னையில் வரைந்த படம் பெயர்பெற்றது. அக்குழந்தைகளை அவர்களின் தாய் அதன்பின் காணவேயில்லை. அப்படம் இன்று ஹாங்காங்கில் ஒரு வங்கியின் தொகுப்பில் இருக்கிறது என்பதை இவ்விதழில் குறிப்பிடாமல் விடுவது முறையாகாது.

1807இல் தலைமை நீதிபதி சர் ஹென்றி ரஸ்ஸலின் உருவப்படத்திற்காகக் கல்கத்தா சென்றவர், பின்னர் டாக்காவில் மாவட்ட ஆட்சியராக இருந்த சார்ல்ஸ் டாய்லியின் விருந்தினராகச் சில ஆண்டுகள் தங்கினார். 1812இல் கல்கத்தாவுக்குத் திரும்பி அந்நகரின் முதன்மை ஓவியரானார். வருவாய்க்குக் குறைவில்லை, செலவுதான் அதனை மிஞ்சிக்கொண்டே சென்றது. கடன் கொடுத்தோரின் நெருக்குதல் பொறுக்காமல், 1820களின் தொடக்கத்தில், அன்று டேனியர் ஆட்சியில் இருந்த செராம்பூரில் அடைக்கலம் புகுந்தார். ஆங்கிலேய நீதிமன்றத்தின் கை எட்டாத ஊர் அது. கல்கத்தாவிலிருந்து ஆற்றின்வழியே சற்று மேலே சென்றால் போதும். 1825இல் அதுவும் போதாதென்று சீனக் கடற்கரையிலுள்ள மக்காவுக்கே கப்பலேறிவிட்டார். மேலைநாட்டுப் பெண்கள் கான்டன் நகருக்குள் நுழையச் சீன அரசு தடை விதித்திருந்ததால், மனைவி மக்காவுக்கு வருவதாகச் செய்தி கிட்டினால் உடனே கான்டனுக்குப் புறப்பட்டுவிடலாம் என்று அவர் மகிழ்ந்து பேசியதாகச் சொல்வதுண்டு. கடன்காரர்களுக்கும் குடும்பத்துக்கும் அவர் இழைத்தது நன்றன்று. 1852இல் மக்காவிலேயே மறைந்தார்.

இத்தகைய மனிதரின் உருவப்படங்களுக்கும் பென்சில் வரைவுகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. உருவப்படத்தில் தூண் இருக்கும், திரைச்சீலை இருக்கும், பதவிக்குரிய அங்கி இருக்கும். பணம் கொடுத்தவர் எவ்வாறு தோன்ற விரும்பினாரோ அவ்வாறே தோன்றுவார். வரைவிலோ பணம் கொடுத்தவர் எவருமில்லை. குடிசை வாயிலில் குந்தியிருக்கும் பெண்ணும், கழுத்தைத் திருப்பி ஈயோட்டும் எருதும், கரையில் கவிழ்த்து வைத்த படகும் அவருக்கு ஒரு காசும் தரப்போவதில்லை. கடன் கழுத்தை நெரித்த காலத்திலும் அவர் அவற்றை வரைவதை நிறுத்தவில்லை. இந்த வரைவுகளை நாம் மதிப்பதற்கு அது முதற்காரணம்.

தாளின் முன்னே

அவருடைய வங்காளத் தாள்களில் திரும்பத் திரும்ப வரும் கூறுகளைச் சேர்த்து ஒரு காட்சியை மனத்தில் அமைத்துக்கொள்வோம். நடுவே ஓலையோ வைக்கோலோ வேய்ந்த குடிசை. அதன் பின்னால் வாழையும் மூங்கிலும். ஒருபுறம் ஓர் இடிந்த சுவர்; அதனைப் பற்றி வேரிறக்கிய ஆலங்கன்று. முன்னே இரண்டொரு மாடுகள். தொலைவில் ஆற்றைக் குறிக்கும் ஒற்றைக் கோடு. அதன்மேல் பாய்மர நுனி ஒன்று. வானத்தில் எதுவுமில்லை.

இத்தகைய தாளைக் கண்டவுடன் “என்ன வரைந்திருக்கிறார்?” என்று கேட்பதே நம் இயல்பு. அக்கேள்வியைச் சற்று ஒத்திவைத்து, “எங்கே அழுத்தியிருக்கிறார்?” என்று கேட்டுப் பார்க்கலாம். கையின் அழுத்தம் கோட்டிலேயே தங்கிவிடுவது பென்சிலின் தனிக்குணம். கண்ணைச் சற்றுச் சுருக்கிக்கொண்டு தாளை நோக்கினால் விவரங்கள் மறைந்து, கருமை மிகுந்த நான்கைந்து இடங்கள் மட்டும் எழுந்து நிற்கும். பெரும்பாலும் அவை இறவாணத்தின் அடியிலுள்ள நிழல், கதவின் இருட்டு, மாட்டின் வயிற்றடி, முன்புறத்துப் புதரின் வேர்ப்பகுதி ஆகியவையாக இருக்கும். பென்சில் அங்கே திரும்பத் திரும்பச் சென்றிருக்கிறது. அந்நான்கு கருமைகளும் நம் கண்ணைத் தாளுக்குள் அழைத்துச் சென்று, ஒரு சுற்றுச் சுற்றி, ஆற்றங்கரையில் கொண்டுபோய் விடுகின்றன. ஓவியர் நடந்த வழியில் நாமும் நடக்கிறோம் எனலாம்.

கருமைக்கு அடுத்து வெறுமையைப் பார்க்கவேண்டும். குடிசையின் கூரையில் ஒரு பகுதியில் கோடே இராது. மாட்டின் முதுகில் கோடு பாதியில் அறுந்து, ஒரு விரற்கடை விட்டு மீண்டும் தொடங்கும். மறதியால் நேர்ந்ததாகவோ சோம்பலால் விட்டதாகவோ இதனை எண்ணிவிடக்கூடாது. அங்கேதான் வெயில் விழுகிறது. நம் நாட்டு வெயில் பொருள்களின் விளிம்பை அழித்துவிடும். சுண்ணாம்புச் சுவரும் அதன் பின்னுள்ள வானமும் ஒன்றாகிவிடும். பென்சிலில் வெண்மை இல்லை. எனவே வெயிலை வரைய வேண்டுமானால் வரையாமல் விடுவதொன்றே வழி. எதை விடுவது என்பதை அறிந்த கையைத்தான் தேர்ந்த கை என்கிறோம். பயிற்சியில்லாதவர் ஓலையின் ஒவ்வொரு கீற்றையும் வரைந்து கூரையைக் கறுப்பாக்கிவிடுவார்.

மூன்றாவதாகக் கோட்டின் நடை. சின்னரியின் கோடு நீண்டு நேராக ஓடுவதில்லை. சிறு சிறு வளைவுகளாகவும் கொக்கிகளாகவும் துள்ளித் துள்ளிச் செல்வது. அவருடைய பாட்டனார் எழுத்தழகுக் கலையைக் கற்பித்தவர். பேரனின் பென்சிலிலும் அக்கையெழுத்தின் சாயல் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. இலைக்கூட்டத்தை அவர் ஒவ்வோர் இலையாக வரைவதில்லை. சுழித்துச் சுழித்து எழுதிச் செல்கிறார். எனினும் வாழையை மூங்கிலென்று எவரும் மயங்கமாட்டார். வாழைக்கு அகன்று கிழிந்த வீச்சு. மூங்கிலுக்குக் கீழ்நோக்கி உதிரும் சிறு கீறல்கள். மரத்தின் வடிவத்தைக் காட்டிலும் அது காற்றில் அசையும் விதத்தையே அவர் பிடித்துக்கொள்கிறார்.

கூரையைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். வங்காளக் குடிசையின் முகடு நேர்கோடாக இராது. நடுவில் உயர்ந்து இருபுறமும் வில்போல் வளைந்திறங்கும். மூங்கிற் சட்டம் வளைந்து கொடுப்பதும், பெருமழை நீர் விரைந்து வடிய வேண்டியிருப்பதும் அவ்வடிவத்துக்குக் காரணங்கள். விஷ்ணுபூரின் சுடுமண் கோயில்கள் இவ்வளைவைச் செங்கல்லில் எடுத்துக்கொண்டன. முகலாயக் கட்டடக் கலைஞர்கள் பளிங்கில் எடுத்துக்கொண்டனர். ‘பங்களா’ என்று நாம் இன்று வழங்கும் சொல்லும் வங்காளத்து வீடு என்ற பொருளில் பிறந்ததே. இலண்டனில் பயின்ற ஒரு கை முகட்டை நேராக வரைந்து பழகியது. அது வங்காளத்துக்கு வந்து இவ்வளைவை ஒரே வீச்சில் வரையக் கற்றுக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, நாட்டை அவர் பார்த்தார் என்பதோடு, நாடு அவர் கையைத் திருத்தியது என்பதும் விளங்கும்.

பென்சில், தாள், ரப்பர்

இக்கருவிகளின் வரலாறும் சுவையானதே. பென்சிலின் உள்ளே இருப்பது ஈயம் என்று நெடுங்காலம் நம்பினர். உண்மையில் அது கிராஃபைட் என்னும் கரிமப்பொருள். இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் பதினாறாம் நூற்றாண்டில் கிடைத்த தூய கிராஃபைட் கட்டிகளை அறுத்து மரத்தில் பொதித்தே பென்சில் செய்தனர். பிரிட்டனோடு போர் மூண்டதால் அக்கிராஃபைட் கிடைக்காமற்போன பிரான்சு நாட்டில், நிக்கோலா ஜாக் கோன்டே என்பவர் கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டெடுக்கும் முறையை 1795இல் கண்டார். களிமண் கூடினால் கோடு கெட்டியாகவும் வெளிறியும் அமையும். குறைந்தால் மென்மையாகவும் கறுத்தும் அமையும். இன்று நம் பிள்ளைகள் கடையில் கேட்டு வாங்கும் எச்.பி., 2பி வகைகளின் மூலம் இதுவே. தட்டுப்பாடு ஒன்று ஓவியருக்கு ஒரு புதிய செல்வத்தைத் தந்தது.

அழிப்பதற்கு முன்னாளில் ரொட்டித் துணுக்கையே பயன்படுத்தினர். மரப்பால் கட்டி பென்சில் கோட்டை நன்கு அழிக்கிறது என்று 1770இல் அறிவியலறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி எழுதிவைத்தார். ‘தேய்ப்பது’ என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லே அப்பொருளுக்கு ரப்பர் எனப் பெயராயிற்று. ஆயினும் களத்தில் வரைவோர் அதனை அதிகம் நாடுவதில்லை. தவறிய கோட்டை அப்படியே விட்டு, அதன் அருகே சரியான கோட்டை அழுத்தி வரைந்துவிடுவர். மாட்டின் கொம்புக்கு இரண்டு கோடுகள், படகின் விளிம்புக்கு மூன்று கோடுகள் இருப்பதைக் காணும்போது அதனைக் குறையென்று கொள்ளாமல், முதற்கோடு எது, திருத்தம் எது என்று ஆராய்ந்து பார்க்கலாம். நல்ல பேரேட்டிலும் தவறிய பதிவைச் சுரண்டி அழிப்பதில்லை. அடித்துவிட்டு மேலே சரியானதை எழுதுவதே முறை.

அக்காலத்து நல்ல தாள் பருத்தி, சணல் கந்தைகளைக் கூழாக்கிச் செய்யப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அது மடங்குகிறது, முறிவதில்லை. நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகிய மரக்கூழ்த் தாளோ அமிலத்தால் பழுப்பேறி அப்பளம்போல் நொறுங்குகிறது. பாட்டனார் காலத்துப் பத்திரிகைக் கட்டுகளை எடுத்துப் பார்த்தோர் இதனை அறிவர். ஆங்கிலேயத் தாள் ஆலைகள் 1790களின் நடுப்பகுதியிலிருந்து தாளின் உள்ளேயே ஆண்டைப் பதிக்கத் தொடங்கின. தாளை விளக்கொளிக்கு எதிரே பிடித்தால் ‘வாட்மன்’ என்ற பெயரும் ஆண்டும் நீரோவியமாகத் தெரியும். வரைவு அவ்வாண்டிற்கு முற்பட்டதாக இருக்கவியலாது; எவ்வளவு பிற்பட்டது என்பதற்கு அது சான்றன்று.

ஓரத்துக் கீறல்கள்

சின்னரியின் தாள்களில் பலரையும் மயங்கவைத்தவை ஓரங்களிலும் உருவங்களின் அருகிலும் காணப்படும் வளைந்த சிறு கீறல்கள். அறியாதவர் அவற்றைப் பென்சில் கூர்மையைச் சோதித்த கிறுக்கல்கள் என்று எண்ணுவர். உண்மையில் அவை சுருக்கெழுத்து. நீதிமன்ற நடவடிக்கைகளைப் பதிவதற்காகத் தாமஸ் கர்னி என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டில் பரப்பிய முறை அது. நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் இளமையில் செய்தியாளராவதற்காகப் பாடுபட்டுக் கற்றதும் அதனையே. சின்னரி அம்முறையைத் தம் வரைவுகளில் வாழ்நாள் முழுதும் கையாண்டார். பிற்கால ஆய்வாளர்கள் பொறுமையோடு அவற்றைப் படித்தறிந்தபோது வெளிப்பட்டவை காதல் மடல்களுமல்ல, கடன்காரர் பெயர்களுமல்ல. இது அளவில் சரி, இதனைத் திருத்தவேண்டும், இங்கே இன்னும் நிரப்பவேண்டும் என்பன போன்ற தொழிற்குறிப்புகளே.

இதனை அறிந்தபின் அத்தாளை நாம் பழைய கண்ணோடு பார்க்க இயலாது. காட்சியின் நடுவே ஓவியர் தமக்குத் தாமே பேசிக்கொண்டிருக்கிறார். மாடு சரியாக வந்துவிட்டது என்று ஒரு நிறைவு. குடிசையின் உயரம் தவறிவிட்டது என்று ஒரு கண்டிப்பு. பிறர் படிக்கக்கூடாதென்று மறைத்தாரா, விரைவுக்காகச் சுருக்கினாரா என்று கேட்கலாம். வெயில் ஏறிக்கொண்டிருக்கும்போது நீட்டி எழுத எவருக்கும் நேரமிராது. விரைவே காரணம் என்பது நம் எண்ணம். பல தாள்களில் நாளும் மாதமும் ஆண்டும் குறிக்கப்பட்டுள்ளன. பென்சில் கோட்டின்மேல் பின்னொரு நாள் பேனாவால் மையிட்டு உறுதிசெய்த தாள்களும் உண்டு. அவற்றை உற்றுப் பார்த்தால் மையின் கோடு அடியிலுள்ள பென்சிலை விட்டு இங்குமங்கும் விலகிச் செல்வது தெரியும். பென்சில், பார்த்துக்கொண்டே வரைந்தது. மை, நினைத்துக்கொண்டு வரைந்தது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியில்தான் நினைவு என்பது செய்யும் மாற்றங்கள் அத்தனையும் கிடக்கின்றன.

அரை நூற்றாண்டு கழித்து இந்தியாவுக்கு வந்த எட்வர்ட் லியர் இதனையே வேறுவிதமாகச் செய்தார். வைஸ்ராய் நார்த்புரூக்கின் அழைப்பின்பேரில் 1873 நவம்பரில் பம்பாயில் இறங்கியபோது அவருக்கு வயது 61. கிரேக்கப் பணியாளர் ஜார்ஜியோவைத் துணைகொண்டு ஓராண்டுக்கும் மேலாக டார்ஜிலிங் முதல் தஞ்சாவூர், மாமல்லபுரம் வரை அலைந்தார். ஒவ்வொரு தாளிலும் இடம், நாள், சிலவற்றில் மணியும்கூடக் குறித்து, வண்ணம் தீட்ட நேரமில்லாத இடங்களில் வண்ணத்தின் பெயரையே சொற்களாக எழுதிவைத்தார்; பின்னர் ஓய்வில் அமர்ந்து மையும் வண்ணமும் ஏற்றினார். கஞ்சன்ஜங்காவின் பேரோவியங்கள் இத்தாள்களிலிருந்தே எழுந்தன. சின்னரியின் குறிப்பு அவருக்கு மட்டுமே விளங்கியது; லியரின் குறிப்பு நாமும் படிக்கக்கூடியது. கலை நோக்கில் நம் மனம் சின்னரியின் பக்கமே சாய்கிறது என்றாலும், பென்சில் வரைவைப் படிக்கத் தொடங்குவோருக்கு லியரின் தாளே எளிய அரிச்சுவடி.

நம்பத்தகுந்தவையா?

இவை ஆள்வோரின் இனத்தைச் சேர்ந்த ஒருவர் வரைந்தவை. அதனை மறந்து பாராட்டுவது முறையன்று. அக்கால ஆங்கிலேய ஓவியர்கள் ‘பிக்சரெஸ்க்’ என்னும் அழகுக் கொள்கையைப் பெரிதும் போற்றினர். வழவழப்பைவிடச் சொரசொரப்பும், முழுமையைவிடச் சிதைவும், புதுமையைவிடப் பாழும் படத்துக்கு ஏற்றவை என்பது அதன் சாரம். அதனைப் பரப்பிய வில்லியம் கில்பின் என்ற பாதிரியார், படத்தில் இரண்டு மாடுகள் சேர்ந்தால் அமைப்புக் கூடாது, மூன்று வேண்டும் என்று அறிவுறுத்தினார். டின்டர்ன் மடாலயத்தின் இடிபாடு போதிய அளவு இடியவில்லை, ஒரு சுத்தியலைப் பக்குவமாகப் பயன்படுத்தலாம் என்றும் எழுதினார். இக்கண்ணாடியை அணிந்து வந்தவர்களுக்கு வங்காளத்தின் ஒழுகும் கூரையும் சரியும் சுவரும் விருந்தாக அமைந்ததில் வியப்பில்லை. கூரை ஏன் செப்பனிடப்படாமல் இருக்கிறது என்று பென்சில் கேட்பதில்லை. 1770ஆம் ஆண்டின் கொடும்பஞ்சத்தைக் கண்ட முதியவர்கள் சின்னரியின் காலத்தில் அச்சிற்றூர்களில் உயிரோடு இருந்திருக்கக்கூடும். அவருடைய தாளில் அவர்கள் அழகிய நிழலுருவங்கள் மட்டுமே. வாயிலில் குந்தியிருக்கும் பெண்ணுக்கு அங்கே பெயரில்லை.

இத்தனையும் சொன்ன பிறகும், சான்று என்ற முறையில் பென்சில் வரைவே மற்ற வடிவங்களைவிட மேலானது என்போம். வில்லியம் டேனியலும் அவர் சிற்றப்பா தாமஸும் 1786 முதல் 1793 வரை இந்தியாவில் பயணம் செய்து, ‘கேமரா அப்ஸ்கியூரா’ என்னும் இருட்டுப் பெட்டியின் உதவியோடு காட்சிகளை வரைந்தனர். அவற்றிலிருந்து இலண்டனில் 144 அச்சோவியங்கள் வெளிவந்தன. களத்திலிருந்து செப்புத் தகட்டிற்கும், தகட்டிலிருந்து அச்சிற்கும், அச்சிலிருந்து வண்ணத்திற்கும் செல்லும் ஒவ்வொரு படியிலும் முன்புறத்தில் ஒரு மாடு கூடலாம், ஒரு மரம் இடம்பெயரலாம், வானத்தில் மேகம் திரளலாம். பென்சில் வரைவில் அத்தனை கைகள் இல்லை. ஒரு கண், ஒரு கை, ஒரு காலைப்பொழுது, அவ்வளவே.

டாக்காவை எடுத்துக்கொள்வோம். பதினேழாம் நூற்றாண்டில் முகலாயர் காலத்தில் எழுந்த பாரா கட்ரா போன்ற பெருங்கட்டடங்கள் சின்னரி அங்கிருந்தபோதே சிதைந்து, அவற்றைப் பற்றி மரங்கள் வளர்ந்திருந்தன. அவரும் அவரிடம் வரைதல் பயின்ற டாய்லியும் அவற்றைத் தாளில் பதிந்தனர். டாய்லி 1814 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட டாக்காவின் தொன்மைகள் பற்றிய நூலில் சின்னரியின் பங்கும் உண்டு. பாரா கட்ராவின் பெரும்பகுதி இன்று இல்லை. இந்தியாவுக்குப் புகைப்படக் கருவி வந்தது 1840களில்தான். அதற்கு முன் அழிந்தவற்றின் தோற்றத்திற்கு இக்கோடுகளை விட்டால் வேறு கதியில்லை. டாய்லி பின்னர் பாட்னாவில் கல்லச்சுக்கூடம் ஒன்றை நடத்தினார். அங்கே அவரோடு பணியாற்றிய ஜெயராம் தாஸ் என்ற பாட்னா ஓவியரின் பெயர் பதிவாகியுள்ளது. பிக்சரெஸ்க் கண்ணாடி அணிந்த ஆங்கிலேயருக்கு நடுவே ஓர் இந்தியக் கையும் அதே காலத்தில் இதே கலையில் தேர்ந்திருந்தது என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

பழைய வரைவு கையிலிருந்தால்

பரம்பரை வீடுகளிலும் பழம்பொருள் கடைகளிலும் இத்தகைய தாள்கள் அரிதாகத் தென்படுவதுண்டு. கல்லச்சில் பதித்த படம் பென்சில் வரைவென்றே கண்ணை ஏமாற்றும். தாளைச் சற்றுச் சாய்த்துப் பார்க்கவேண்டும். கிராஃபைட் கோடு வெள்ளி போல மினுங்கும். அச்சு மையும் கரித்துண்டும் மினுங்குவதில்லை. உருப்பெருக்கியில் புள்ளிக் கூட்டம் தெரிந்தால் அது இக்கால அச்சு. பென்சில் அழுந்திய இடத்தில் தாளின் பின்புறம் சற்றே மேடாக இருக்கும். ஓவியரின் பெயர் ஓரத்தில் எழுதியிருப்பதை மட்டும் நம்பிப் பெருந்தொகை கொடுப்பது அறிவுடைமையன்று. சின்னரிக்கு மாணவர்கள் பலர். அவர் நடையைப் பின்பற்றியோர் அதனினும் பலர்.

கிராஃபைட் கரிமமாதலால் வெயிலில் மங்குவதில்லை. ஆனால் விரல் பட்டால் கலையும். தாள்தான் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அஞ்சவேண்டியது. அருங்காட்சியகங்கள் இவற்றை ஏறத்தாழ 50 லக்ஸ் அளவுள்ள மங்கலான ஒளியில் மட்டுமே வைப்பது இதனாலேயே. லேமினேஷன் செய்வது, ஒட்டுநாடாவால் கிழிசலை ஒட்டுவது, ஒட்டுப்பலகையில் பசையிட்டுப் பதிப்பது ஆகிய மூன்றும் தீராத தீங்கு. அமிலமற்ற அட்டைகளுக்கு இடையில், கண்ணாடி மேலே படாதவாறு இடைவெளி விட்டு வைக்கவேண்டும். வங்கிப் பெட்டகத்தில் வைப்போர் ஞெகிழிப் பையில் இறுகக் கட்டி வைத்தல் கூடாது. மழைக்காலத்தில் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். ஆண்டுக்கு இருமுறையேனும் எடுத்துப் பார்த்தல் நலம். 100 ஆண்டுகளைக் கடந்த கலைப்பொருள்களை மைய அரசின் அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டம் தடைசெய்கிறது என்பதையும் நினைவிற்கொள்க. அயல்நாட்டிலுள்ள மகனுக்குப் பரிசாக அனுப்ப நினைப்போருக்கும் இது பொருந்தும்.

சொந்தமாக ஒரு தாள் இல்லாதோர் வருந்தவேண்டியதில்லை. கொல்கத்தாவின் விக்டோரியா நினைவு மண்டபத்தில் டேனியல்களின் பெருந்தொகுப்பு உள்ளது. சின்னரியின் வரைவுகள் பலவற்றை இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும், லியரின் இந்திய வரைவுகளை அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகமும் பாதுகாத்துவருகின்றன. இவற்றுள் பலவற்றை இணையத்தில் கட்டணமின்றிக் காணலாம். கைப்பேசியின் சிறு திரையைவிடக் கணினித் திரை ஏற்றது. ஒரே ஒரு தாளைத் தேர்ந்துகொண்டு, 2பி பென்சிலால் அதன் ஒரு மூலையை மட்டும், குடிசையின் இறவாணத்தையோ மாட்டின் தலையையோ, பத்து நிமிடம் நகலெடுத்துப் பாருங்கள். கோடு எங்கே தொடங்கி எங்கே நின்றது என்பதைக் கண்ணைவிடக் கை விரைவில் கண்டுகொள்ளும். பிறகு திரையில் அவ்வோவியத்தைப் பெரிதாக்கி ஓரங்களை நோக்குங்கள். மாட்டின் காலருகே தூசு போலவோ கீறல் போலவோ ஒரு சிறு வளைவு தென்பட்டால் அவசரப்பட்டு நகராதீர்கள். அது சரியாக வந்திருக்கிறதா என்று ஓவியர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட இடமாக இருக்கலாம்.